கருப்பனும் கணக்கு நோட்டும்

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு எந்த சயின்ஸும் தெரியாது. ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்ததால் தவளை அறுத்ததில்லை. கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ரகம். அப்பேர்ப்பட்ட என்னை இரண்டே வாரத்தில் விலங்குகளின் நடத்தையை அளக்கிற ஆராய்ச்சியாளன் ஆக்கிவிட்டது ஒரு தெரு நாய்.

மேடவாக்கம் ஜங்ஷனில் இறங்கி, மேம்பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு டீக்கடை, ஒரு டைல்ஸ் கடை, மூன்று பள்ளம் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் அபார்ட்மெண்ட். பன்னிரண்டு வீடு. வாசலில் ஒரு வாட்ச்மேன் தாத்தா. அவர் நாற்காலிக்கு அடியில் கருப்பன். தாத்தாவுக்கென்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ராத்திரி பார்சல் சாப்பாட்டில் பாதி அவருக்கு, பாதி கருப்பனுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் அசோசியேஷன் மீட்டிங். தண்ணி லாரி பாக்கி, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் முடிந்து, கடைசி ஐட்டம் கருப்பன்.

"ராத்திரி பூரா குலைக்குது. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை" என்றார் செகரட்டரி சார். ரிடையர்டு ஆபீசர். அவர் 'பூரா' என்றால் மினிட்ஸிலும் 'பூரா' என்றுதான் ஏறும். வேன் வைத்திருக்கும் ஒருத்தரிடம் சொல்லி, எங்கேயாவது தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது யோசனை. தாத்தா கேட் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, காதில் விழாத மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பூரான்னா எத்தனை தடவை சார்? கணக்கு இருக்கா?"

"நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதறவராச்சே. நீங்களே எடுங்க கணக்கு. ரெண்டு வாரம் டைம்."

மினிட்ஸில் ஏறிவிட்டது.

லொள் என்றால் என்ன?

அன்று ராத்திரியே ஒரு நோட்டு, பால்பாயிண்ட் பேனா, டார்ச் லைட் சகிதம் பால்கனியில் உட்கார்ந்தேன். பதினொன்றே காலுக்குக் கருப்பன் ஆரம்பித்தான். லொள். லொள் லொள். கொஞ்சம் உறுமல். மறுபடி ஒரு லொள். கடைசியில் நீளமாக ஒரு ஊளை.

எத்தனை என்று எழுதுவது? ஒன்றா, நாலா? உறுமலுக்கு அரை மார்க்கா? அப்போதுதான் தெரிந்தது, எண்ணுவதற்கு முன்னால் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இதே தலைவலி ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் உண்டு. மறுநாள் புத்தகங்களைப் புரட்டியபோது எனக்கு ஆறுதலாக ஒருத்தர் கிடைத்தார். கால்வின் ஹால் என்கிற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். எலிக்குப் பயம் எவ்வளவு என்று அளக்க ஆசைப்பட்டார். எலியிடம் "பயமா இருக்கா கண்ணு?" என்று கேட்க முடியுமா? வெளிச்சமான, வெட்டவெளியான, வட்டமான ஒரு களத்தில் எலியை விட்டார். அது போட்ட புழுக்கைகளை எண்ணினார். பயந்த எலி அதிகம் போடும், நாளாக ஆகப் பழகிவிட்டால் குறையும் என்பது கணக்கு. 1934-ல் இதைப் பிரசுரித்தார். 'திறந்த களச் சோதனை' என்று இன்றைக்கும் இது நடக்கிறது. இப்போது புழுக்கையோடு, எலி எவ்வளவு தூரம் நடந்தது, நடுவில் எத்தனை விநாடி நின்றது, சுவரோரமாகவே எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று எல்லாம் சேர்த்து எழுதுகிறார்கள்.

ஸ்கின்னர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு பெட்டி, உள்ளே ஒரு நெம்புகோல், எலி அதை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை. ஒரே வேகத்தில் காகிதச் சுருள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பேனா ஒரு படி மேலே ஏறும். கோடு செங்குத்தாக இருந்தால் எலி மும்முரம், படுக்கையாக இருந்தால் எலி ஓய்வு. 1930-களிலேயே எலிக்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்! நமக்கு ஆபீஸில் பஞ்சிங் மெஷின் வந்தபோது நாம் போட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டேன்.

ஆக, நானும் ஒரு சட்டம் போட்டேன். வாயைத் திறந்து சத்தம் வந்தால் குரைப்பு, உறுமல் சேர்த்தி இல்லை. பத்து விநாடி மௌனம் இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் புதுக் கணக்கு.

பேர் வைப்பதில் இருக்கிற வம்பு

என் நோட்டின் முதல் பக்கத்தை மனைவி படித்தாள். "11.40: கருப்பன் கோபமாகக் குரைத்தான். 12.15: பாவம், தனிமையில் குரைத்தான்."

"கோபம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சும்மா இருந்தாலே கோபமான்னு கேக்கற ஆள் நீங்க."

நியாயமான கேள்வி. பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். 1977-ல் போர்சோல்ட் என்பவர் தலைமையில் பிரான்ஸில் ஒரு சோதனை. வெளியேற வழியில்லாத தண்ணீர் ஜாடியில் எலியை விட்டார்கள். கொஞ்ச நேரம் தத்தளித்துவிட்டு அது அசையாமல் மிதந்தது. மனச்சோர்வுக்கான மருந்து கொடுத்தால் மிதக்கிற நேரம் குறைந்தது. 'எலி விரக்தி அடைந்துவிட்டது' என்று பேர் வைத்தார்கள். மருந்துகளைச் சோதிக்க உலகம் பூராவும் இந்த ஜாடி பரவியது. இன்றைக்குப் பலர் இதை எதிர்த்துக் கேட்கிறார்கள்: அது விரக்தியா, அல்லது 'நீந்தி ஒரு பிரயோஜனமும் இல்லை, தெம்பை மிச்சம் பிடிப்போம்' என்கிற புத்திசாலித்தனமா? அளந்தது என்னவோ அசையாமல் இருந்த விநாடிகளைத்தான். விரக்தி என்பது நாம் ஒட்டிய லேபிள். ஒரு உயிரை அப்படித் தண்ணீரில் விடுவது நியாயமா என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது.

நோட்டில் 'கோபமாக', 'பாவம்' இரண்டையும் அடித்தேன்.

கண்ணில் பட்டதெல்லாம் கணக்காகுமா?

முதல் ஆறு ராத்திரி இப்படியே போனது. காதில் விழுந்தபோதெல்லாம் எழுதினேன். தூங்கிப் போனபோது எழுதவில்லை. ஒரு நாள் பைக் ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடினானே, அதை மட்டும் முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். சும்மா படுத்திருந்த நேரம் பற்றி ஒரு வரி கிடையாது.

ஜீன் ஆல்ட்மன் என்கிற அம்மையார் இதைத்தான் 1974-ல் கண்டித்து எழுதினார். ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளைப் பார்த்து ஆராய்ச்சி செய்தவர். கண்ணில் பட்டதை எழுதினால் சண்டையும் கூச்சலும்தான் நோட்டில் ஏறும், அமைதியான நேரம் காணாமல் போய்விடும். அதனால் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பாருங்கள் என்றார். காட்டுக்காக எழுதியது, சோதனைச்சாலைக்கும் வேதவாக்காகிவிட்டது.

செகரட்டரி சாரின் 'ராத்திரி பூரா'வும் என்னுடைய முக்கால் பக்கமும் ஒரே வியாதிதான் என்று புரிந்தது. சத்தம் ஞாபகம் இருக்கும், மௌனம் ஞாபகம் இருக்காது. மிச்சம் எட்டு ராத்திரிக்குப் புதுத் திட்டம்: பதினொன்றிலிருந்து ஐந்து வரை, ஒவ்வொரு மணியிலும் ஒரு பத்து நிமிஷம். எந்தப் பத்து நிமிஷம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முன்னாலேயே எடுத்துக்கொள்வது. அலாரம் வைத்து எழுந்து, அந்த நிமிஷங்களில் மட்டும் எண்ணுவது.

மதுரைப் பேனா

இந்த இடத்தில் உங்களை மேடவாக்கத்திலிருந்து மதுரைக்கு அழைத்துப்போக வேண்டும். ஏனென்றால் தூக்கம் வராத, சார்பு இல்லாத, சம்பளம் கேட்காத ஒரு கணக்குப்பிள்ளையை அங்கேதான் கண்டுகொண்டேன்.

மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். உயிர்களின் உடலுக்குள் ஓடுகிற கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்தவர். 2009-ல் காலமானார். வயலில் ஓடுகிற சாதாரணச் சுண்டெலிதான் அவருடைய ஹீரோ.

எலிக் கூண்டில் ஒரு சக்கரம் இருக்கும். எலி விழித்தால் அதில் ஏறி ஓடும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு ஸ்விட்ச் தட்டும், நகரும் காகிதத்தில் பேனா ஒரு கோடு போடும். எலி தூங்கினால் காகிதம் வெள்ளை. ஒவ்வொரு நாள் காகிதத்தையும் வெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால், எலி தினமும் எத்தனை மணிக்கு எழுந்தது என்பது சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி தெரிந்துவிடும். தாமதமாக எழுந்தால் கோடு சாய்வாக நகரும்.

அவரும் என். விஸ்வநாதனும் 1985-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தம். குட்டி எலிகளைப் பகல், இரவு தெரியாத, மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்தார்கள். தாய் எலியைப் பன்னிரண்டு மணி நேரம் குட்டிகளோடு விட்டார்கள், பன்னிரண்டு மணி நேரம் பிரித்து வைத்தார்கள். தினமும் இப்படி. வளர்ந்த குட்டிகளைச் சக்கரத்தில் விட்டுப் பார்த்தால், அம்மாவின் நேரப்படி அவற்றின் கடிகாரம் ஓடுகிறது! அம்மா இருந்த நேரம் அவற்றுக்குப் பகல். அம்மா இல்லாத நேரம் ராத்திரி. சூரியன் இல்லாத ஊரில் அம்மாவே சூரியன்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் மனைவி சோழிங்கநல்லூர் ஆபீஸிலிருந்து திரும்ப ஏழரை ஆகும். எங்கள் நாலு வயது மகள் ஏழு மணியிலிருந்தே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடிகாரம் பார்க்கத் தெரியாது அவளுக்கு. எலிக்குக் கண்டுபிடித்ததை மனிதக் குழந்தைக்கு அப்படியே ஒட்டக்கூடாது, அதுவும் லேபிள் ஒட்டுகிற தப்புதான். தெரியும். ஆனாலும் சும்மா இருந்தேன்.

அதற்கு முன்னாலேயே, 1981-ல், மாரிமுத்து, ராஜன் ஆகியோரோடு சேர்ந்து சந்திரசேகரன் வௌவால்களிடம் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் சாயங்காலம் கிளம்புகிற நேரத்துக்கே கூண்டு வௌவாலும் இறக்கை அடித்தது. வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தால், அதன் நேரம் நாளுக்கு நாள் ஊர் நேரத்தை விட்டு நகர்ந்துகொண்டே போனது. இன்னொரு வேடிக்கை: வேறு இன வௌவாலை அந்தக் கூட்டத்தோடு வைத்தால் அது இவர்களைச் சட்டையே செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஆபீஸுக்குக் கிளம்பினால் எனக்கென்ன என்று இருந்துவிட்டது!

இதையெல்லாம் யாராவது விழித்திருந்து, 'இப்போது எழுந்த மாதிரிதான் இருக்கு' என்று எழுதியிருந்தால் உலகம் நம்பியிருக்காது. பேனாவுக்கு மதுரை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. அதுதான் அதன் தகுதி.

எனக்கு ஆசை உண்டு

எனக்கு இருந்தது. கருப்பன் ஜெயிக்க வேண்டும்.

ஆசை என்ன செய்யும் என்பதற்கு பெர்லின் குதிரைதான் சாட்சி. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்கிற ரிடையர்டு கணக்கு வாத்தியாரின் குதிரை, ஹான்ஸ். ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் குளம்பால் எட்டு தட்டும். 1904-ல் கமிட்டி போட்டுப் பார்த்தும் மோசடி எதுவும் அகப்படவில்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் விடாமல் சோதித்து, 1907-ல் உடைத்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு நிமிரும். அவருக்கே அது தெரியாது. குதிரைக்குத் தெரியும். உடனே நிறுத்திவிடும். நம்மில் பலர் மேனேஜர் முகத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதில்லையா, அந்த மாதிரி.

1963-ல் ராபர்ட் ரோசென்தால் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார். 12 மாணவர்களுக்கு எலிகளைக் கொடுத்தார். பாதிப் பேரிடம் "இது புத்திசாலிப் பரம்பரை", மீதிப் பேரிடம் "இது மக்குப் பரம்பரை" என்றார். உண்மையில் எல்லாம் ஒரே மாதிரி எலிகள். 'புத்திசாலி' எலிகள்தான் புதிர்ப்பாதையில் நன்றாக ஓடின என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம்.

இதற்கு மருந்து, எண்ணுகிறவரின் கண்ணைக் கட்டுவது. எந்த எலிக்கு மருந்து கொடுத்தது, எதற்குக் கொடுக்கவில்லை என்று எண்ணுகிறவருக்குச் சொல்லக்கூடாது. முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். குத்துமதிப்பாகவே ஒத்துப்போகும் அளவைக் கழித்துவிட்டு மிச்ச ஒற்றுமையைப் பார்க்க 1960-ல் ஜேக்கப் கோஹன் ஒரு சூத்திரமே கொடுத்தார். இப்போது வீடியோவில் எலியின் மூக்கு, காது, வால் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் குறித்துக்கொடுக்க கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2018-ல் வந்த 'டீப்லேப்கட்' அப்படி ஒன்று. ஆனால் அதற்கும் முதலில் மூக்கு எது, வால் எது என்று ஒரு மனிதன்தான் காட்டிக் கொடுக்கிறான்.

சரி, என் கண்ணை எப்படிக் கட்டுவது? எட்டு ராத்திரியும் என் போனை ஜன்னலில் வைத்து ரெக்கார்ட் பண்ணினேன். நான் பால்கனியில் உட்கார்வதே நாய்க்குத் தொந்தரவோ என்று மனைவிக்குச் சந்தேகம். அதனால் சீட்டுக் குலுக்கி, நாலு ராத்திரி நான் பால்கனியில், நாலு ராத்திரி போன் மட்டும். "நீயே கேட்டு எண்ணிடேன்" என்றேன்.

"எந்த ராத்திரி நீங்க பக்கத்துல குறட்டை விட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் எப்படி எண்றது?"

வாஸ்தவம். விஞ்ஞானி அவள்தான், நான் அசிஸ்டெண்ட். கடைசியில் குரோம்பேட்டையில் இருக்கும் மச்சானுக்கு, சீட்டில் வந்த பத்துப் பத்து நிமிஷங்களை மட்டும் வெட்டி, தேதி போடாமல், ஒன்றிலிருந்து எட்டு வரை நம்பர் போட்டு அனுப்பினேன். அவன் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். "மாமா, நாய் குலைக்கிறதை ஆடிட் பண்ணச் சொன்ன முதல் கிளையண்ட் நீங்கதான்" என்றான்.

ஆடிட் ரிப்போர்ட்

ரிப்போர்ட் வந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

நான் பால்கனியில் இருந்த நாலு ராத்திரியில் மச்சான் எண்ணியது 31 குரைப்பு. அதே நிமிஷங்களுக்கு என் நோட்டில் இருந்தது 22. 'இது பக்கத்துத் தெரு நாயாக இருக்கும்', 'இது குரைப்பு இல்லை, செருமல்' என்று ஒன்பதை நான் தள்ளுபடி செய்திருக்கிறேன். போட்ட சட்டத்தை நானே மீறியிருக்கிறேன், மனசாட்சி உறுத்தாமல். ரோசென்தாலின் மாணவர்களில் பதின்மூன்றாவது ஆள் நான்.

இரண்டாவது அடி இன்னும் பலம். நான் தூங்கிய நாலு ராத்திரியில் குரைப்பு மொத்தமே 13. அதிலும் எட்டு, நாலிலிருந்து ஐந்துக்குள், பால் வேன் வருகிற நேரம். ஆக, கருப்பனைக் குரைக்க வைத்ததில் முதல் குற்றவாளி, நடுராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு பால்கனியில் நின்ற ஆசாமி!

எட்டே ராத்திரிக் கணக்குதான், உலகத்துக்கே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆராய்ச்சிக்கூடங்களிலும் இந்தக் கதை உண்டு. 1999-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்று கூடங்களில் ஒரே ரக எலி, ஒரே மாதிரிக் கருவி, ஒரே முறை என்று பார்த்துப் பார்த்துச் சோதித்தும், சில சோதனைகளில் முடிவு கூடத்துக்குக் கூடம் மாறியது. 2014-ல் மான்ட்ரியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரணத்தை மோப்பம் பிடித்தார்கள். ஆண்கள் அருகில் இருந்தாலே எலிகளுக்குப் படபடப்பு, அதனால் வலியைக் காட்டிக்கொள்வதே குறைகிறது. ஆள்கூட வேண்டாம், ஆண் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் போதும்! பார்க்கிறவனும் சோதனைக்குள்தான் இருக்கிறான்.

அடுத்த மீட்டிங்கில் எழுந்து நின்றேன். 22-ஐச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். தாத்தா கேட் அருகே முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஆனால் தப்புக் கணக்கில் ஒருத்தரைக் காப்பாற்றினால், நாளைக்கு அதே தப்புக் கணக்கில் இன்னொருத்தரை வேனில் ஏற்றலாம். 31, 22, 13, பால்கனி, டார்ச் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

செகரட்டரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நாயை வேன்ல ஏத்த வேணாம்கறீங்க. உங்களை ஏத்தினா போதும்."

பன்னிரண்டு வீடும் சிரித்தது. கருப்பனின் ஐட்டம் மினிட்ஸிலிருந்து அடிபட்டது. தாத்தா மட்டும் திரும்பவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று எழுத மாட்டேன். துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான் பார்த்தேன்.

இப்போது விடியற்காலையில் பால் வேன் பையன் வந்ததும் கருப்பனுக்கு ஒரு பிஸ்கட் போடுகிறான். நான் பால்கனிக்குப் போவதில்லை. நேற்று கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது கருப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மன்னித்துவிட்டானா, நன்றி சொன்னானா, தெரியாது.

வாலை ஆட்டினான். மூன்று தடவை.